வாழைமரம் கட்டிய கம்பி

முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டைவிட எங்கள் லாரி பெரியது. சோறு போடுவதும் அதுதான். ஆயுதபூஜை முடிந்த சில வாரங்களில் அதற்குத் தெம்பு போய்விட்டது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்று கிளம்பினாலோ, லோடோடு பாலம் ஏறினாலோ, என்ன மிதித்தாலும் இழுக்காது.

என் வீட்டுக்காரர் டீசல் ஃபில்டர் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் எட்டிக்கூடப் பார்க்காமல், இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது, மாற்றப் பெரிய செலவாகும் என்றார். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இத்த புரோக்கராண்ட சொல்லி வித்துட்டு எங்கனா டிரைவரா பூடறேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வண்டி ஓட்டிய மனுஷன் இன்னொருத்தரிடம் போய்க் கைகட்டி நிற்பாரா? மறுநாள் குத்தம்பாக்கத்துக்கு ஜல்லி லோடு. கேட்காமலே நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பூந்தமல்லிப் பக்கம் பாலம் ஏறும்போது வண்டி முக்கியது. கேஸ்கட் போன குக்கர் மாதிரி முன்னாலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். இவருக்கு எப்படிக் கேட்கும்? பாட்டை அலறவிட்டுத்தானே ஓட்டுகிறார்.

"பாட்ட நிறுத்து. காத்து எங்கியோ லீக்காவுது."

"இஞ்சினப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"குக்கரப் பத்தித் தெரியும். எறங்கனதும் ஓரங்கட்டு."

பாலத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்த பாயிடம் சோப்புத் தண்ணீர் வாங்கினேன். வண்டியின் முன்மூடியைத் தூக்கி, டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாய்மேல் ஊற்றினேன். இவர் சீட்டில் இருந்தபடி ரேஸ் கொடுத்தார். குழாயின் வளைவில் நுரை கொப்பளித்தது. கையை விட்டுப் பார்த்தால் கம்பி. ஆயுதபூஜைக்கு வண்டியின் முன்கிரில்லில் வாழைமரம் கட்டிய கம்பி, முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. மரத்தை எடுத்துப் போட்ட இவர் கம்பியை அப்படியே விட்டிருக்கிறார். அது உரசி உரசிக் குழாயை அறுத்துவிட்டது. கயிற்றில் கட்டு என்று அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

இவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பாய் பழைய டியூபை நீளமாக வெட்டி, அறுந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த பாலத்தில், அதே லோடோடு, வண்டி கும்மென்று ஏறியது. பாட்டும் இல்லை, புஸ்ஸும் இல்லை. உச்சிக்குப் போகும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். புரோக்கர்.

"அண்ணாத்தே, வண்டியப் பாக்க எப்போ வர்றது?"

"எந்த வண்டி?" என்றார் இவர். "என் வண்டியா? அத்த யாருனா விப்பாங்களா?"