தொட்டிக்குள் முன்சாகா

முன்சாகா தண்ணீருக்குப் பயந்து காட்டுக்கு வந்தவன். இதை அவனே எல்லோரிடமும் சொல்வான். வெட்கப்படமாட்டான். கரிபா ஏரியில் கப்பெண்டா மீன் பிடிக்கும் படகுகளில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் படகோரம் குனிந்து எண்ணெய்க் கையைக் கழுவும்போது, முதலை ஒன்று எழும்பி அவன் சட்டையின் கைப்பகுதியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கை மட்டும் மிஞ்சியது. கரை சேர்ந்ததும் மூட்டையைக் கட்டினான். ஆறும் ஏரியும் இல்லாத இடமாகத் தேடி, ஹ்வாங்கே வனவிலங்குக் காட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அவனுக்குக் கிடைத்த வேலை, தண்ணீர் இறைப்பது.

எங்கள் காட்டில் மழை ஓய்ந்துவிட்டால் யானைக்கும் எருமைக்கும் வரிக்குதிரைக்கும் நிலத்தடி நீரை விட்டால் வேறு கதி கிடையாது. விலங்குகள் வந்து குடிக்கும் நீர்ப்பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழ்குழாய், ஒரு டீசல் எஞ்சின், அதற்குக் காவலாக ஓர் ஆள். சிவூலா பள்ளத்து எஞ்சின் முன்சாகாவின் பொறுப்பு. நான் டீசல் லாரி ஓட்டுகிறவன். வறண்ட மாதங்களில் டீசல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பள்ளம் பள்ளமாகப் போய் இறக்கிவிட்டு வருவேன். அவன் குலமும் என் குலமும் எங்கள் டோங்கா இன வழக்கப்படி கேலி முறை. யார் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக்கூடாது. அதனால் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான்.

வேலைக்கு வந்த முதல் வருஷமே சிங்கம் அவனை விசாரிக்க வந்துவிட்டது. பக்கத்துப் பள்ளத்து ஆளிடம் எஞ்சின் பெல்ட் ஒன்று இரவல் வாங்கப் பகல் வெயிலில் சைக்கிளில் போயிருக்கிறான். பாதை திரும்பும் இடத்தில் சிங்கக் கூட்டம் ஒரு மானை அடித்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தது. இவன் பிரேக் பிடிக்க, செயின் கழன்றுவிட்டது. ஒரு பெண்சிங்கம் காதை மடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. புழுதி இவன் முகத்தில் அடிக்கிற தூரத்தில் வந்து நின்று உறுமியது.

"ஓடலையா மச்சான்?" என்று கேட்டேன்.

"எங்க ஓடுறது? கால் சொன்ன பேச்சக் கேக்கல. கேட்டிருந்தா ஓடியிருப்பேன், அது என்னைத் தின்னுருக்கும்."

"அப்புறம் என்னதான் பண்ணுன?"

"சைக்கிள முன்னால புடிச்சிக்கிட்டு மணி அடிச்சேன்."

சிரிக்கிறேனே தவிர, அன்று அவன் நின்ற நிலை விளையாட்டில்லை. இடைவிடாமல் மணியை அடித்துக்கொண்டே, சைக்கிளைத் தனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டே, அடி அடியாகப் பின்னால் நகர்ந்திருக்கிறான். அது இன்னும் இரண்டு தடவை பாய்ந்து பாய்ந்து நின்றது. கடைசியில் அந்தச் சத்தம் சகிக்காததுபோல் தலையை உதறிவிட்டு மானிடம் திரும்பிப் போயிற்று. இவன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தான்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் மனைவி லுயாண்டோ ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். மகள் மிஸிங்கா பள்ளிக்கூட விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, ஆட்டை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு, என் லாரியிலேயே ஏறி வந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"புலம்புறேன்னு நினைக்காதீங்க டிரைவரண்ணே. சிங்கத்துக்கு மணியடிச்சி வழி விடச் சொன்ன மனுசன நான் எப்படித் தனியா விடுறது?"

அவள் வந்த பிறகு சிவூலா பள்ளத்தின் முகமே மாறியது. குடிசையைச் சுற்றிக் கம்புவேலி ஏறியது. வேலிக்குள் பூசணிக்கொடி படர்ந்தது. நான் போகும்போதெல்லாம் மக்காச்சோளக் களியும் பூசணி இலைக் கீரையும் காத்திருக்கும். முன்சாகா காய்ச்சலில் படுத்த ஒரு வாரத்தில் எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பவும் அவளே பழகிக்கொண்டாள். இரண்டு பேரும் சிங்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மாமியார் வீட்டு ஆட்களைச் சொல்வதுபோல "அவுங்க" என்பார்கள். "இன்னிக்கி அவுங்க வந்துட்டுப் போனாங்க." "அவுங்க வீட்டுல குட்டி பொறந்திருக்கு."

நான் சொல்லவந்தது தொட்டி சுத்தம் செய்த நாளைப் பற்றி.

சிவூலாவில் எஞ்சின் இறைக்கும் நீர் முதலில் ஒரு வட்டச் சிமெண்டுத் தொட்டிக்குள் விழும். அங்கிருந்து வழிந்து பள்ளத்துக்குப் போகும். தொட்டிச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வருஷத்துக்கு ஒருமுறை அதை வடித்துப் பாசியும் சேறும் சுரண்ட வேண்டும். அக்டோபர் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். காலையில் எஞ்சினை நிறுத்தி, தொட்டியை வடித்து, ஏணியை உள்ளே இறக்கிக்கொண்டு முன்சாகா வேலையில் இறங்கினான். குனிந்து சுரண்டியவனுக்கு வெளியே நடப்பது தெரியவில்லை. மதியத்துக்கு மேல் நிமிர்ந்து ஏணியில் ஏறித் தலையை நீட்டினால், தொட்டியின் நிழலில் பெண்சிங்கம் ஒன்று மல்லாந்து படுத்திருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. பள்ளத்தில் மிச்சமிருந்த சேற்றுநீரை நக்கியபடி மற்றவை. பிடரி கறுத்த ஆண் ஒன்று தனியாகச் சாய்ந்திருந்தது.

சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டான். ஆனால் ஏணி கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் தொட்டி விளிம்பில் இரண்டு பாதங்கள் வந்தன. அப்புறம் மஞ்சள் கண்களோடு ஒரு முகம். அவன் தகர வாளியை மண்வெட்டியால் ஓங்கி அடித்தான். அந்த வட்டச் சுவருக்குள் இடி விழுந்த மாதிரி இருந்திருக்கிறது. அவனுக்கே காது அடைத்துப்போயிற்று. முகம் மறைந்தது. நிழலை விட்டு மட்டும் அவை போகவில்லை.

வாளிச் சத்தம் கேட்டு லுயாண்டோ குடிசை வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"மிஸிங்கா அப்பா! உசிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்! நீ வெளிய வராத! கதவ மூடு!"

"எத்தனை பேரு வந்திருக்காங்க?"

"எட்டிப் பாத்து எண்ணிச் சொல்லட்டுமா? உள்ள போடி!"

அவள் உள்ளே போனாள். யோசித்தாள். வெயில் தொட்டிக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. குடிக்க ஒரு சொட்டு இல்லை. பொழுது சாயும்வரை சிங்கங்கள் அசையப்போவதில்லை. இருட்டினால் அவை என்ன செய்யும் என்று யோசிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் வரும் நாள் அது என்று தெரியும். ஆனால் எந்த நேரத்துக்கு வருவேன் என்று எனக்கே தெரியாது.

அவள் யோசித்தது யானைகளை. காலையிலிருந்து எஞ்சின் ஓடவில்லை. காட்டுக்குள் தாகத்தோடு நிற்கும் யானைகளுக்கு எஞ்சின் சத்தம் என்றால் சாப்பாட்டு மணி மாதிரி. எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் காதை விரித்துக்கொண்டு நேராக வந்துவிடும். வந்தால் சிங்கங்களுக்கு நிழலாவது, மண்ணாவது.

எஞ்சின் கொட்டகை குடிசைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. குடிசைப் பக்கம் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். லுயாண்டோ களி கிண்டும் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று பிறகு கேட்டேன். "வெறுங்கையோட போக ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள்.

ஓடாமல் நடந்தாள். பாதி வழியில் ஆண்சிங்கம் எழுந்து நின்றது. அவளைப் பார்த்தபடியே வர ஆரம்பித்தது. அவசரமே இல்லை அதற்கு. அவள் கடைசி நாலைந்து அடிகளை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கொட்டகைக்குள் நுழைந்து கம்பிவலைக் கதவை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டியபோது, சிங்கத்தின் மூச்சு வலைவழியாக உள்ளே வந்தது. அழுகிய மாமிச வாடை.

கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள். எஞ்சின் இருமியது, நின்றது. ஒரு கையால் சுற்றிய வேகம் போதவில்லை. சிங்கம் கதவில் கையை வைத்தது. வலை உள்பக்கம் புடைத்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் போட்டு மறுபடி சுற்றினாள். எஞ்சின் கரும்புகையைக் கக்கிவிட்டுத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. கதவோரமாக வெளியே நீட்டியிருந்த புகைக்குழாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்த சிங்கம் துள்ளிப் பின்வாங்கி, தும்மியபடி தள்ளிப்போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மேற்கே புழுதி கிளம்பியது. முன்னால் வந்த கிழட்டுப் பெண்யானை சிங்கங்களைப் பார்த்ததும் தலையை உயர்த்தி ஒரு பிளிறு பிளிறியது. அவ்வளவுதான். அதுவரை எஜமானர்கள் மாதிரி சாய்ந்திருந்தவர்கள், வாலைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டுமாம்.

யானைகள் நேராகத் தொட்டிக்கு வந்தன. குழாய் வாயில் விழும் புதுத் தண்ணீர் என்றால் அவற்றுக்கு உயிர். அந்தக் குழாய்க்குக் கீழேதான் முன்சாகா நின்றுகொண்டிருந்தான்.

நான் லாரியோடு வந்து சேர்ந்தது அப்போதுதான், பொழுது சாய்கிற நேரம். தொட்டியைச் சுற்றி யானைகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. தும்பிக்கைகள் உள்ளே போகின்றன, வருகின்றன. நடுவில் ஒரு தகர வாளி மட்டும் மேலும் கீழுமாக அசைகிறது. லாரியை விட்டு இறங்காமல், பீப்பாய்கள் மேல் ஏறி நின்று பார்த்தேன். வாளிக்குக் கீழே ஒரு மனிதன். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் குத்தவைத்திருந்தான். தண்ணீர் அதற்குமேல் ஏறவே இல்லை. விழ விழ யானைகள் உறிஞ்சிவிட்டன. ஒரு தும்பிக்கை வாளியைத் தடவி மோந்து பார்த்துவிட்டு, புஸ்ஸென்று ஊதியது.

யானைகள் வயிறு நிறைந்து விலகியபோது வானம் சிவந்திருந்தது. முன்சாகா ஏணியில் ஏறி விளிம்பில் உட்கார்ந்தான். இறங்கத் தெம்பில்லை. நான்தான் தோள் கொடுத்து இறக்கினேன். லுயாண்டோ எஞ்சினை நிறுத்திவிட்டு, கை முழுக்கக் கரியோடு வந்தாள்.

"தண்ணிக்குப் பயந்துதானே மச்சான் இங்க வந்த?" என்றேன்.

அவன் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தான். அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவள், "பாசி இன்னும் பாதி அப்படியே கெடக்கு. காலைல இருந்து என்ன வேல பாத்தீங்க?" என்றாள். அவன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் பீப்பாய்களை உருட்டும்போது முன்சாகா என்னிடம் தனியாகச் சொன்னான்: "மொத தடவ எஞ்சின் நின்னுச்சுல்ல மச்சான், அப்ப நான் ஏணில ஏறி ஒரு கால வெளிய போட்டுட்டேன். கீழ குதிச்சா அவுங்க எல்லாரும் என் பக்கம் திரும்புவாங்க, அவ குடிசைக்கு ஓடிடலாம்னு. அதுக்குள்ள எஞ்சின் பிடிச்சிருச்சு. இத அவகிட்டச் சொல்லிடாத. திட்டியே கொன்னுருவா."

நான் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது லுயாண்டோ வேலிக் கதவுவரை வந்தாள்.

"அண்ணே, அந்த மனுசன் கால வெளிய போட்டத நான் வலை வழியாப் பாத்தேன். அதனாலதான் ரெண்டாவது தடவ அந்த வேகம் வந்துச்சு. நான் பாத்தேன்னு அவருகிட்டச் சொல்லாதீங்க. அப்புறம் தலைகால் புரியாம ஆடுவாரு."

அன்றைக்குக் காலி பீப்பாய்கள் லாரியில் கடகடவென்று உருள, நான் காடு முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

கம்பிவலைக் கதவுக்குப் பதில் இரும்புத் தகடு போட்ட கதவு வந்தது. தொட்டி சுத்தம் செய்யும் நாளில் இப்போது லுயாண்டோ தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து காவல் பார்க்கிறாள். வாய் சும்மா இருப்பதில்லை. இந்தப் பக்கம் விட்டுவிட்டீர்கள், அந்தப் பக்கம் சுரண்டவில்லை என்று மேலிருந்தே வேலை வாங்குகிறாள். இடையில் ஒரு முறை, தலைமை முகாமின் பட்டறைக்கு வரச்சொல்லி முன்சாகாவுக்கு அழைப்பு வந்தது. மின்விளக்கு உண்டு, கடை உண்டு. இருவரும் ஒரு மாலை முழுக்கப் பேசிவிட்டு வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டதற்கு, பூசணி காய்க்கிற நேரம் என்றாள் லுயாண்டோ. மிஸிங்கா இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால், அவளுக்குக் கைப்பிடி சுற்றக் கற்றுத்தருவது யார் என்று இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள்.

போன வருஷம் மழை பிந்தியது. டிசம்பர் பாதியில்தான் முதல் மழை இறங்கியது. பள்ளங்கள் நிறைந்துவிட்டால் எஞ்சின்காரர்களை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டியது என் வேலை. சிவூலாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் நின்றிருந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. முன்சாகாவும் லுயாண்டோவும் குடிசைக்குள் இல்லை. வேலிக்குள் இரண்டு முக்காலிகளைப் போட்டு, கொட்டும் மழையில் நனைந்தபடி வேகவைத்த சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுங்க, பாதை மூழ்கிடும்" என்றேன்.

"இருங்கண்ணே, என்ன அவசரம்" என்று லுயாண்டோ எனக்கும் ஒரு கதிரை நீட்டினாள். முன்சாகா முக்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நானும் லாரியை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.