மலைக்கு வாங்கிய கத்தியும் மணப்பெண் வீட்டு வேப்பமரமும்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். டெல்லி ஆர்.கே.புரத்தில், அரசுக் குவார்ட்டர்ஸில், இப்போது இருக்கும் அதே வீட்டில்தான் அப்போதும் இருந்தோம். என் கணவரும் நானும் மத்திய அரசு வேலை. பையன் வெளிநாடு போய்விட்டான். விடுமுறைக்கு மதுரையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். வெயில் தாங்காமல் மூன்று பேரும் ரிஷிகேஷுக்கு மேலே எங்காவது ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவு செய்தோம். வாழ்க்கையில் முதல் தடவை.

கூடாரத்தை ஒரு நண்பர் கொடுத்துவிட்டார். எனக்கு ஆசையெல்லாம் கத்தி மேல்தான். ஃபோனில் கேம்பிங் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, இடுப்பில் தோலுறையோடு ஒரு வேட்டைக் கத்தி செருகிக்கொண்டு காட்டில் நடக்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. "எதை வேட்டையாடப் போற? இந்த நாட்டுல முயலப் பிடிச்சாலே உள்ள போட்டுருவான்" என்று கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று நாத்தனாரை அழைத்துக்கொண்டு சாவ்ரி பஜாருக்குப் போனேன்.

ஒரு சின்ன இரும்புக் கடை. கடைக்காரர் மேஜை மேல் கத்திகளாகப் பரப்பிவிட்டார். முதுகில் பல் வைத்தது, பிடிக்குள் திசைகாட்டி வைத்தது, ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து சாமான் மடங்கி இருப்பது. எனக்கு எல்லாமே பிடித்தது. நாத்தனார் வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன் அரிகிறவள். பளபளவென்று இருந்த ஸ்டீல் பிடிக் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். "கை வேர்த்தா வழுக்கும் அண்ணி. இந்த மரப்பிடிய எடுங்க. அலகு குட்டையா இருந்தாலும் கனமா இருக்கு." அதையே எடுத்தேன். உள்ளங்கைக்குள் அழகாக உட்கார்ந்தது. கொஞ்சம் வீரம்கூட வந்த மாதிரி இருந்தது.

அவள் தனக்கென்று ஒரு மடக்கு ரம்பம் எடுத்தாள். மஞ்சள் பிடி, மடக்கினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். "இது எதுக்குடி?" என்றேன். "ஊர்ல முருங்கைக் கிளை வெட்டத்தான். அங்க இவ்ளோ நல்ல பல்லு வச்சது கிடைக்க மாட்டேங்குது." மெட்ரோவில் இதையெல்லாம் விடமாட்டார்கள் என்று கடைக்காரர் சொல்ல, வெயிலில் ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். கணவர் தன் பங்குக்கு ஒரு கைக்கோடாலி வாங்கி வைத்திருந்தார்.

கிளம்ப வேண்டிய நாள் விடிவதற்கு முன்னால் ஆந்தி அடித்தது. டெல்லிப் புழுதிப் புயல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜன்னல் எல்லாம் படபடவென்று அடிக்க, எங்கோ பக்கத்தில் மடேரென்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. பின்னாலேயே நாலு தூறல். வெளிச்சம் வந்ததும் காரில் சாமான் ஏற்றக் கீழே இறங்கினோம், நான் இன்னும் நைட்டியோடுதான். காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. அப்போதுதான் எதிர் பிளாக்கைப் பார்த்தோம்.

அங்கே நின்ற பெரிய வேப்பமரம் வேரோடு சாய்ந்திருந்தது. அடிமரம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்துவிட்டது. கிளை முழுவதும் அந்த பிளாக்கின் ஒரே மாடிப்படி வாசலுக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வழியே இல்லை.

முதல் மாடி பால்கனியில் ஒரு பெண். அரக்குக் கூறைப்புடவை, நெற்றிச்சுட்டி, கை நிறைய மருதாணி. எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் குனிந்து கத்தினாள்.

"ஆன்ட்டி! நீங்க தமிழா? ப்ளீஸ் ஆன்ட்டி, ஜல்தி ஏதாவது பண்ணுங்க! எனக்கு இன்னிக்கு ஷாதி!"

அவள் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மலை மந்திர் முருகன் கோயிலில் கல்யாணமாம். பெண்ணின் அப்பாவும் மற்றவர்களும் ராத்திரியே சாமான்களோடு அங்கே போய்விட்டார்களாம். தாயும் மகளும் மட்டும் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு அதிக நேரம் இல்லை. தீயணைப்புக்கு ஃபோன் போட்டாகிவிட்டது. ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, முடிந்தவரை சீக்கிரம் வருகிறோம் என்றார்களாம்.

கணவர் மின்கம்பி எதுவும் மரத்தில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்தார், இல்லை. அடிமரத்தைத் தள்ளியும் பார்த்தார், அசையவில்லை. பிறகு காரிலிருந்து கோடாலியை எடுத்து வந்தார். நான் உறையிலிருந்து கத்தியை உருவினேன். உருவிய அழகு இருக்கிறதே, அத்தோடு சரி. பச்சைக் கிளையில் வெட்டினால் ஒரு விரல் ஆழம் இறங்கி அப்படியே மாட்டிக்கொள்ளும். பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோடாலி அதைவிட மோசம். கிளை கீழே பிடிமானம் இல்லாமல் தொங்கியதால் ஓங்கிப் போட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு, கோடாலியைத் திருப்பி அனுப்பியது. மேலே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, இருங்க" என்று நாத்தனார் ஓடினாள். ஊருக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து அந்த மஞ்சள் பிடி ரம்பத்தோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து இழுத்தாள் பாருங்கள், மரத்தூள் மாவு மாதிரி கொட்டியது. முதல் கிளை விழுந்ததும் மேலேயிருந்து விசில் சத்தம். மணப்பெண்தான்!

அப்புறம் ஆளாளுக்கு மாறி மாறி அறுத்தோம். எங்கள் கீழ்வீட்டு சர்தார்ஜி லுங்கியோடு வந்து சேர்ந்தார். என் முறை வந்தபோது, வில்லாக வளைந்து நின்ற ஒரு கிளையை யோசிக்காமல் மேல்பக்கம் அறுத்தேன். பாதி அறுப்பதற்குள் படாரென்று பிளந்து விசிறி அடித்தது. என் மூக்குக்கண்ணாடி பறந்து போய்விட்டது. சர்தார்ஜி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால் கண்ணே போயிருக்கும். "சம்பால்கே மேடம்ஜி!" என்று ஜாக்கிரதை சொல்லி அவர் போட்ட சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். கணவர் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு வளைந்து நின்றவற்றை யாரும் தொடவில்லை. எது தளர்ந்து கிடக்கிறதோ அதை மட்டும் அறுத்தோம்.

என் கத்திக்கும் வேலை வந்தது. கல்யாண வீட்டு வாசலில் கட்டியிருந்த சீரியல் பல்பும் கயிறும் கிளைகளோடு சிக்கி, அறுத்ததை வெளியே இழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. கரண்ட் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகச் சரக் சரக்கென்று அறுத்தேன். சுள்ளிகளையும் சீவித் தள்ளினேன். என் வேட்டை அதுதான்.

கடைசியில் ஒரு ஆள் குனிந்து வருமளவுக்கு ஒரு பொந்து கிடைத்தது. முதலில் அம்மா வந்தார். பின்னால் பட்டுப்புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தவழாத குறையாக மணப்பெண். நிமிர்ந்தபோது மல்லிகைப் பூவோடு சேர்ந்து ஜடை முழுக்க வெள்ளை வெள்ளையாக வேப்பம்பூ. தட்டிவிடக் கை நீட்டினேன். "ரஹ்னே தோ ஆன்ட்டி, இருக்கட்டும், நல்லாயிருக்கு" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் நைட்டி முழுக்க மரத்தூள். அவள் பட்டிலும் ஒட்டியது. அவளுக்கு அதெல்லாம் நினைப்பே இல்லை.

அவர்களுக்காக வந்த வண்டி எங்கோ வழியில் விழுந்து கிடந்த வேறு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எங்கள் காரில்தான் ஏற்றினோம். பின்சீட்டில் பாதி இடத்தை மெத்தைகளும் பாத்திரங்களும் பிடித்துக்கொண்டன. மணப்பெண் கூடாரப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் சிரிப்பு. "ஹனிமூனுக்கு இதைக் கொண்டு போகட்டுமா?" என்று அவள் கேட்க, அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வெறுங்காலோடு நின்றிருந்தார். பஞ்சாபிப் பையன், வேட்டியைக் கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டிருந்தார். காரிலிருந்து இவள் இறங்கியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். அதைப் பார்த்து நாத்தனார் அழுதாள். அவளைப் பார்த்து நானும் அழுதேன். மேளம் கொட்ட, எங்கள் மூவரையும் அப்படியே, மரத்தூளும் நைட்டியுமாக, முன்வரிசையில் உட்கார வைத்து அட்சதையைக் கையில் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. ரிஷிகேஷ் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர்.

அந்தக் குடும்பம் எதிர் பிளாக்குக்குக் குடிவந்து அதற்குள் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர்கள் தமிழ் என்பதே எங்களுக்குத் தெரியாது. இப்போது அந்தப் பெண் தாய்வீடு வரும்போதெல்லாம் முதலில் எங்கள் வீட்டு பெல்லைத்தான் அடிக்கிறாள். புதிதாக யாராவது சாமான் இறக்கினால் இப்போதெல்லாம் நானே இறங்கிப் போய் எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டுவிடுகிறேன். மரம் விழுந்த பிறகுதான் பழக வேண்டும் என்று இல்லையே.