புதுக் கட்டடத்துக்குள்ள சிக்குன என் வண்டி

சிம்மக்கல்லுல புதுசா ஒரு துணிக்கடை கட்டுனாக. அதுக்கு வைகை மணல் அடிச்சது என் மாட்டுவண்டிதேன். மேல மச்சு போட்டாச்சு, முன்பக்கம் மட்டும் செவரு இல்லாம தொறந்து கெடந்துச்சு. மழை வரவும் வண்டிய உள்ள தள்ளி நிறுத்திட்டு, மாட்ட ஓட்டிக்கிட்டு கோச்சடையில மச்சான் கல்யாணத்துக்குப் போயிட்டேன்.

நாலு நாள் விருந்து தின்னுட்டுத் திரும்பி வந்து பாத்தேன். முன்பக்கம் செவரு எழும்பி, ஒடுக்கமா ஒரு தேக்கு வாசல் நிலை நிக்குது. அதுல மஞ்ச, குங்குமம், மாவிலை. உள்ள என் வண்டி, பொறியில மாட்டுன எலியாட்டம்.

"நிலையக் கழட்டுங்கண்ணே, வண்டி போனா எனக்குச் சோறில்ல"ன்னு கொத்தனார்ட்ட அழுதேன்.

"நல்ல நேரம் பாத்து, பூசை போட்டு வச்ச நிலை மாப்ள. எந்த ஆசாரியும் தொடமாட்டான்."

"செவரு கட்டுறப்ப வண்டி கண்ணுல படலயாண்ணே?"

"பட்டுச்சு. கடை மொதலாளி வண்டி, உள்ளயே கெடக்கட்டும்னு நெனச்சோம். இம்புட்டு கூறுகெட்டவன் ஊருல இருப்பான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேற வழியில்லாம சக்கரத்தக் கழட்டி உருட்டுனேன். அச்ச உருவுனேன். வண்டித்தட்டச் சாச்சு இழுத்தேன். நடுத்தெருவுல ஒக்காந்து மறுபடி பூட்டயில, வழியில போன ஒருத்தரு, "புது வண்டியாண்ணே?"ன்னாரு.

சக்கரத்துக்கு ஆணி அடிச்சுக்கிட்டே, "ஆமாண்ணே, இப்பத்தேன் செஞ்சது"ன்னேன்.