பாலகுரு பூட்டிய கியர்பாக்ஸ்

ஆமத்தூர் பாலகுருவுக்கு லாரி கியர்பாக்ஸ்தான் தொழில். விருதுநகரில் மிளகாய் மண்டிகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். ஒரு பல்சக்கரம் அடுத்த லோடு தாங்காது என்று அவர் சொல்லிவிட்டால், யார் கெஞ்சினாலும் அதைத் திரும்பப் பூட்டித் தரமாட்டார். அந்தப் பிடிவாதத்துக்காகவே லாரிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

2006 ஆடி மாதம் ராஜபாண்டியன் வந்தார். பட்டாசுக் கம்பெனி ஜெயச்சந்திரனின் மகன், இருபத்தாறு வயது. பாலகுருவின் மனைவி சின்னத்தாய் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள்.

பழைய வெளிநாட்டு ரேஸ் கார் ஒன்றைப் பார்த்து, அதே அச்சில் ஃபைபரில் பாடி செய்து வாங்கியிருந்தார் ராஜபாண்டியன். கார் ஓர் ஆளின் இடுப்பு உயரம்கூட இல்லை. சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் இஞ்சின் உட்கார வேண்டும். எங்கோ மோதி நொறுங்கிய சொகுசுக் காரிலிருந்து ஆறு சிலிண்டர் இஞ்சினையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பாலகுரு நாடாவை வைத்து அளந்தார். "லாரின்னா கியர்பாக்ஸ் முன்னால, சக்கரத்தச் சுத்துற கிரவுன் பல்சக்கரம் பின்னால, நடுவுல நீளமா சாப்ட். இங்கன அதுக்கு இடமே இல்ல தம்பி. ரெண்டும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கணும்."

"அதைத்தான்ணே டிரான்ஸாக்சில்ங்கிறாங்க. எதைப் போடலாம்னு நீங்க சொல்லுங்க."

பத்து நாள் அலைந்து விசாரித்தார் பாலகுரு. மூன்று வழி இருந்தது. முன்சக்கரம் இழுக்கிற சின்னக் காரின் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுத்துப் பின்னால் வைத்துவிடலாம். பத்திரமானது, ஆனால் வேகம் இருக்காது. ரேஸுக்கென்றே செய்த கியர் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். எட்டு மாதம் ஆகும். மூன்றாவது, கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடந்த, பின்பக்கம் இஞ்சின் வைத்த பழைய கார் ஒன்றின் பெட்டி. அளவு பொருந்தும். ஆனால் அது அந்தப் பெரிய இஞ்சினில் பாதி பலத்துக்குச் செய்தது.

"சின்ன இஞ்சினையே வைப்போம் தம்பி" என்றார்.

ராஜபாண்டியனின் முகம் வாடிவிட்டது. "பொங்கலுக்குக் கோயம்புத்தூர்ல கார்க்காரங்க எல்லாம் கூடுறாங்க. அதுக்குள்ள முடியணும். உங்களால முடியாதுன்னா இந்தப் பக்கம் வேற யாராலயும் முடியாதுண்ணே."

இருபது வருடமாக லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "தாங்க வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

பழைய காரில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த இஞ்சின் இதில் சக்கரத்துக்கு முன்னால் வந்ததால், அந்தப் பெட்டியை அப்படியே பூட்டினால் கார் பின்னோக்கித்தான் ஓடும். கிரவுனைக் கழற்றி மறுபக்கம் மாற்றிப் பூட்டினார். பெட்டியின் கூடு தாங்குவதற்காக அதன் மேல் பட்டைகள் வைத்து வெல்டு செய்தார். முதல் கியரில் கார் முன்னால் நகர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

மார்கழியில், கம்பெனி மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே படுத்துத் துடைத்தபோது, வெல்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. லாரியாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. விரிசலின் மேல் இன்னொரு வெல்டு வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிவகாசி ரோட்டில் எடுத்தார்கள். ராஜபாண்டியன் ஓட்டினார், பாலகுரு பக்கத்தில். ஆமத்தூர் தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தபோது முதுகுக்குப் பின்னால் கூடு உடைந்தது. எண்ணெய் பின்டயரில் கொட்டியது. கார் சுழன்றுகொண்டே ரோட்டோரம் போயிற்று. கம்பெனி வேனுக்காகத் தூக்குவாளியோடு ஏழெட்டுப் பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். மற்றவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். அவர்களில் மூக்கம்மாளால் மட்டும் ஓட முடியவில்லை. மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

ஜெயச்சந்திரன் பாலகுருவைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தப் பொம்பள குறுக்க ஓடி வந்துச்சுன்னு சொல்லிரு. எல்லாருக்கும் நல்லது."

"அவ நின்ன இடத்துலயேதான் நின்னா மொதலாளி."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார். விரிசலைப் பார்த்ததையும் மறைத்ததையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வழக்கில் ராஜபாண்டியனோடு அவரும் இரண்டாவது எதிரியானார். அந்த வாரமே சின்னத்தாயை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பாலகுரு, மூக்கம்மாளின் புருசன் உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனார். உக்கிரபாண்டி உட்காரச் சொல்லவில்லை.

"ஒடையும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்தீரு?"

"ஆமா."

உக்கிரபாண்டி வாசலைக் காட்டினார். "ஏலே, போயிரு" என்றார். பாலகுரு திரும்பிவிட்டார்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. ராஜபாண்டியனுக்கு அபராதம், பாலகுருவுக்கு ஆறு மாதம் ஜெயில். வெளியே வந்தபோது பழைய லாரிக்காரர்கள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இது தாங்குமா தாங்காதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பல்லையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். சாயங்காலம் வரை ஒன்றும் பூட்டவில்லை. பட்டறையைக் காலி செய்துவிட்டு, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் ஒன்றில் பண்டல் தூக்கப் போனார்.