தம்பி விழுங்கிய ஊக்கு

என் தம்பி ஊக்கை விழுங்கிய செய்தியை முதலில் அறிவித்தவன் அவனேதான். அழவில்லை, இருமவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, குட்டி ஊக்கு உள்ள போயிடுச்சு" என்றான். எந்த வழியாகப் போனது என்பதையும் விளக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, தொண்டையில் விரலை வைத்து வயிறு வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அவனுக்கு நான்கு வயது. எனக்கு ஒன்பது.

அம்மாவின் வளையலில் எப்போதும் சில ஊக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். சேலையைக் குத்த, அறுந்த பித்தானுக்குப் பதிலாக மாட்ட, செருப்பு வார் பிய்ந்தால் சமாளிக்க என்று எல்லாவற்றுக்கும் அம்மாவுக்கு ஊக்குதான். அன்று சப்பாத்தி மாவு பிசைவதற்காக வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். அதில் கடைசியாகத் தொங்கிய மிகச் சிறிய ஊக்கைக் காணவில்லை. அம்மா மாவுக் கையோடு அவன் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே நாக்கைத் தவிர ஒன்றுமில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே கோளாறு இருக்கிறது என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்கியவர் அவர். அந்த வேலையை வீட்டிலும் சம்பளமில்லாமல் செய்தார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்குள் நாங்கள் நுழையும்போது இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்.

ஜெபத்திலும் அப்படித்தான். இரவு சாப்பாட்டுக்குமுன் பாயில் முழங்காலிட்டு ஜெபிக்கும்போது, திருநெல்வேலியிலிருந்து அத்தை வருவதாக இருந்தால், அவள் ஏறும் ரயில், உட்காரும் பெட்டி, வழியில் எந்த ஸ்டேஷனில் தண்ணீருக்கு இறங்கக் கூடாது என்பது வரை ஆண்டவருக்கு விவரமாகச் சொல்லிவிடுவார். ஆமென் வருவதற்குள் எங்களுக்கு முழங்கால் மரத்துப்போகும்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் சைக்கிளில் வந்து இறங்கியபோது வாசலிலேயே இந்தச் செய்தி காத்திருந்தது. சைக்கிளை நிறுத்தவில்லை. அது தானாகக் கீழே விழுந்தது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பின்னால் அம்மா, அம்மாவின் பின்னால் நான்.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"ஊக்கை முழுங்கிட்டான்."

"அதானா? என் தங்கச்சி புள்ள சைக்கிள் சக்கரத்து இரும்பு பால்ஸை முயுங்கிட்டான் சார். ரெண்டு நாள்ல தானா வந்துச்சு. இப்ப பெரிய கிளாஸ் படிச்சினு கீறான். நீ ஒண்ணும் பேஜாராவாத."

"பால்ஸ் உருண்டைப்பா. அதுக்குக் கூர் கிடையாதே" என்றார் அப்பா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆட்டோக்காரர் அதற்குமேல் பேசாமல் வண்டியை வேகமாக விட்டார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தக் கறுப்பு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, தம்பியின் விலா எலும்புகளுக்குக் கீழே ஊக்கு வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. மூடியிருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வாழைப்பழமும் சோறும் நிறையக் கொடுங்கள், வெளியே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் ஒரே ஒரு வேலைதான் நடந்தது. தம்பியைக் காவல் காப்பது. தரையில் நடந்தால் ஊக்கு குத்தும் என்று இடுப்பிலேயே வைத்திருந்தார். சிரித்தால் வயிறு குலுங்கும் என்று அவனைச் சிரிக்கவைக்க வேண்டாமென்று எனக்கு உத்தரவு. பின்கட்டில் பழைய எனாமல் பேசின் ஒன்று வைக்கப்பட்டது. தம்பி அதில் உட்கார்ந்து எழுந்ததும், அப்பா இரண்டு குச்சிகளோடு குனிந்து, தொழிற்சாலையில்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டார், பார்த்துவிட்டு, பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "வலிக்குதாப்பா?" என்று கேட்பார். முதலில் இல்லை என்றுதான் தம்பி சொன்னான். ஒருமுறை சும்மா தலையை ஆட்டிவைத்தான். வீடே பதறி அவனைச் சுற்றி நின்று கடைசியில் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தது. அதிலிருந்து அவனுக்குப் பசிக்கும்போதெல்லாம் வலித்தது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் வெளிறிப்போவதை அந்த நான்கு வயதுக்காரன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை வாழைத்தண்டுப் பொரியல் கொண்டுவந்தார். "நான் எங்க அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். நீங்க உங்க சாமிகிட்ட கேட்டுக்குங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் கேட்காமல் இல்லை. உட்காரும்போதும் எழும்போதும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். குடல் எப்படி வளைந்து போகிறது, எந்த வளைவில் ஊக்கு திரும்ப வேண்டும், எந்தப் பக்கமாகத் திரும்பினால் ஆபத்து என்றெல்லாம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே ஜெபத்தில் ஒப்பித்தார். ஜெபம் முடிந்து எழும்போது, தொடங்கும்போது இருந்ததைவிட அதிகமாகப் பயந்திருந்தார். இரவிலும் தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

சனிக்கிழமை காலை இன்னொரு எக்ஸ்ரே. டாக்டர் இரண்டு பிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அதே இடத்துலதான் இருக்கு. திங்கக்கிழமை பார்ப்போம். அப்பவும் நகரலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். வயித்தைத் திறந்து எடுத்துடுவாங்க. அதுவரைக்கும் நல்லா சாப்பிடட்டும், ஓடி ஆடட்டும். ஏன் சார் அவனைத் தூக்கிட்டே நிக்கிறீங்க? கீழ விடுங்க."

அப்பா கீழே விடவில்லை. வயிற்றைத் திறப்பது என்றதும் எனக்குத் தகர டப்பாவின் மூடி ஞாபகம் வந்தது. திறந்ததைத் திரும்ப எப்படி மூடுவார்கள் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மதியம் அம்மா ரசமும் உருளைக்கிழங்கும் செய்திருந்தாள். அப்பா தட்டைத் தொடவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க."

"உனக்கு எப்படி சமைக்கத் தோணுது?" என்றார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

அம்மா ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குப் பயமில்லைன்னு நினைச்சீங்களா? அது என் வளையல்ல இருந்த ஊக்கு. அன்னிக்கு ராத்திரி முழுக்க அதையேதான் நினைச்சு அழுதேன். விடியற நேரத்துல, ஆண்டவரே, என்னால இதுக்குமேல தூக்க முடியாது, நீங்க வச்சுக்குங்கன்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம்தான் எழுந்து அடுப்பைப் பத்த வைக்க முடிஞ்சுது."

"நானும்தான் ஜெபம் பண்றேன்."

"பண்றீங்க. ஆனா அவர் கையில குடுக்க மாட்டேங்கிறீங்க. எப்படி எப்படிச் செய்யணும்னு பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுக்கிறீங்க."

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அப்பாவிடம் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்த தம்பியின் தலையில் கையை வைத்தார். கண்ணை மூடினார். நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன்.

வெளியே யாரோ கிரிக்கெட் மட்டையால் பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்:

"ஆண்டவரே, இவன் உம்முடைய பிள்ளை. எனக்குத் தெரியலை. என்னால முடியலை. நீரே பார்த்துக்கொள்ளும்."

அவ்வளவுதான். ரயில் இல்லை, பெட்டி எண் இல்லை, குடலின் வளைவு இல்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். ஜெபம் இன்னும் முடியவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அப்பாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகம் மட்டும் அழுகிற முகமாக இல்லை. நீண்ட தூரம் மூட்டையைச் சுமந்து வந்து இறக்கிவைத்தவரின் முகமாக இருந்தது.

தட்டை இழுத்துச் சாப்பிட்டார். ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். தம்பியை மடியிலிருந்து இறக்கி, "போ, போய் விளையாடு" என்றார். அவன் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாசலைப் பார்த்து ஓடினான். அப்பா அந்தப் பாயிலேயே சுவரோரமாகச் சாய்ந்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

எனக்குத் தாங்கவில்லை. ஊக்கு உள்ளேயே இருக்கிறது, திங்கட்கிழமை வயிற்றைத் திறக்கப் போகிறார்கள், இவர் எப்படித் தூங்கலாம்? வீட்டில் யாராவது ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால்தான் தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். அப்பா விட்டுவிட்டதால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தெருவில் தம்பியின் பின்னாலேயே ஓடி, "வலிக்குதாடா?" என்று கேட்டேன். என்னிடம் பிஸ்கட் இல்லை என்று அவனுக்குத் தெரியும். "போக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மாலையில் அப்பா எழுந்து, முகம் மழித்து, சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரை நேராக்கினார். அன்றிரவும் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடினார். பாட்டில் அவருக்குச் சுருதி சேராது. அன்றும் சேரவில்லை. பக்கத்தில் அம்மா அடக்க முடியாமல் சிரித்தாள். நான் மட்டும் போதகர் பிரசங்கம் செய்த நேரமெல்லாம் தம்பியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பின்கட்டிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு."

நான்தான் முதலில் ஓடினேன். எனக்குப் பின்னால் அம்மா, அப்பா. அப்பா குச்சியால் எடுத்து, குழாயடியில் வைத்துக் கழுவினார். ஊக்கு மூடியபடியே இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் தம்பியைக் கழுவக்கூடத் தோன்றாமல் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றார். வந்துவிட்டது என்று தம்பியே கைதட்டிச் சொன்னான். அந்த ஊக்கை மறுபடி பயன்படுத்துவதா வேண்டாமா என்று கொஞ்சம் பேச்சு நடந்தது. அம்மா அதைச் சாக்கடையில் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா கவலையே படாத மனிதராகிவிட்டார் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கவலைப்பட்டார். ஆனால் சில நேரங்களில், பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, கண்ணை மூடி, உதடு அசைந்ததும் அசையாததுமாக ஏதோ சொல்லிவிட்டு, எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஊக்குக் கதை எனக்குப் பள்ளியில் பெரிய மதிப்பைத் தேடித் தந்தது. வகுப்பில், பேருந்தில், விருந்தாளிகள் முன்னால் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஊக்கு வெளிய வந்துச்சு, அப்புறம் எங்கப்பா மூணு நாளா தூங்காதவரு நிம்மதியா தூங்கினாரு" என்று முடிப்பேன். ஒருமுறை ஊரிலிருந்து வந்த மாமாவிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பாச் சொல்றே. அப்பா சனிக்கிழமையே தூங்கிட்டாரு. ஊக்கு மறுநாள்தான் வந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றேன்.

"ஒண்ணு இல்ல" என்றாள் அம்மா. மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் முன்னே பின்னே ஆனதற்குப் போய் அம்மா ஏன் திருத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு நான் முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். இந்த முறையும் ஊக்கைத்தான் முதலில் வரவைத்தேன்.