காற்று பார்க்கும் ரசிகர்

எங்கள் ராமநாதபுரம் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒரு நாள் ஜெயிக்கும், மறுநாள் கேவலமாகத் தோற்கும். நாங்கள் கோச்சைத் திட்டுவோம். பாம்பனிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் படகுக்காரர் மட்டும் திட்டமாட்டார். மைதானத்து மண்ணை ஒரு பிடி அள்ளி உதிர்த்து, பறக்கும் திசையைப் பார்ப்பார்.

"பயலுகளக் குத்தம் சொல்லாதீக. கச்சான் காத்து பந்த இழுக்குது."

இறுதி ஆட்டம் மதுரையில், கூரை போட்ட அரங்கத்தில். பையில் கொண்டுவந்த மண்ணை உதிர்த்தார். நேராக விழுந்தது.

"இங்கன காத்தே இல்லையே தம்பி. தோத்தா யாரச் சொல்ல?" என்று வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப நம்ம பயலுக நெசமாவே ஆடுவாய்ங்களா?" என்றார்.

இத்தனை நாள் எதை நம்பி பஸ் ஏறினாரோ.