மூன்றாவது மாடிக்குக் கேட்கிற பூட்டு

ஊசியக்காவின் மோட்டார் சைக்கிளைத் திருடன் ஓட்டிக்கொண்டு போனபோது, அவள் வேலையாகப் போயிருந்த குடியிருப்பின் வாட்ச்மேன்தான் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். திறந்ததோடு நிற்காமல் கையை வேறு ஆட்டி வழியனுப்பினார். பிறகு கேமராப் பதிவில் அதைப் பார்த்த ஊசியக்கா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பட்டப்பகல். வந்தவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். ஹேண்டிலைக் காலால் ஒரே உதை. உள்ளே என்னவோ முறிந்தது. கண்ணாடியில் மாட்டியிருந்த அவளுடைய ஹெல்மெட்டையே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ஹெல்மெட்டப் பாத்து நீங்கதான்னு நெனச்சுட்டேம்மா" என்றார் வாட்ச்மேன்.

ஊசியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பரிசோதனைக்கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவருவது அவள் வேலை. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளை பெற்று வீடு திரும்பியவர்கள் என்று அவளுக்காகக் காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் ஏராளம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும். அவள் தலை தெரிந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

வண்டி போனது பெரிய இடி. அதைவிடப் பெரிய இடி, வண்டியின் பின்பக்கம் திருகாணி போட்டு முடுக்கியிருந்த ஐஸ் பெட்டி. அன்று காலை எடுத்த அத்தனை பேர் ரத்தமும் அதற்குள்தான் இருந்தது.

"திருடன் எதையெதையோ எடுத்துட்டுப் போவான்னு கேள்விப்பட்டிருக்கேன். ஊரு ரத்தத்தையே எடுத்துட்டுப் போவானா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அவளுடைய கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த ஆபத்தையும் கயிறு, சங்கிலி, கொக்கி என்றே யோசிக்கிற மனிதர்.

பெட்டி மட்டும் மறுநாள் ஒரு காலி மனையில் கிடைத்தது. குழாய்கள் உள்ளே அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. வெயிலில் எல்லாம் கெட்டுப்போயிருந்தன. வண்டி கிடைக்கவே இல்லை.

அந்த வீடுகளுக்கெல்லாம் ஊசியக்கா திரும்பவும் போனாள். பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் கையை நீட்டினார்கள். அவர்களில் இன்னும் தவழக்கூடத் தொடங்காத ஒரு குழந்தை இருந்தது. முதல் நாள் அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதே கையைத் தாய் மறுபடி பிடித்துக்கொடுத்தாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. வெளியே வந்த ஊசியக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்த கொழுந்தனின் வண்டி வீட்டில் சும்மா நின்றது. அதை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. நோயாளியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, ஜன்னலுக்குப் போய் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து நரம்பைத் தடவுவாள். மறுபடி ஜன்னல்.

"ஏம்மா, ஊசி என் கையிலயும் கண்ணு ரோட்டுலயும் இருந்தா எப்படிம்மா?" என்று கேட்டேவிட்டார் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். "எனக்குக் கொஞ்சந்தான் ரத்தம் இருக்கு. பாத்து எடு."

"சாரி சார்" என்றாள். அன்று மாலையே பூட்டு வாங்கக் கிளம்பினாள்.

"மாட்டுக்குக் கட்டுற மாதிரி கனமா ஒரு சங்கிலி போதும்" என்று கணவர் சொல்லி அனுப்பினார்.

உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். அலாரம் பூட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தானாம். அவர் சங்கிலியைப் பார்க்கவே விடவில்லை.

"சங்கிலிய ஒரு கட்டர் வெச்சு வெட்டிட்டு ஜம்முனு போயிடுவான் தங்கச்சி. சத்தமே வராது. வண்டி எங்க இருக்குன்னு போன்ல காட்டுற மிஷினும் இருக்கு. ஆனா அது போனதுக்கப்புறம் எங்க போச்சுன்னுதான் சொல்லும். உங்களுக்கு எது வேணும்?"

"போகவே கூடாதுண்ணா."

"அப்ப இதுதான்." உள்ளங்கையில் அடங்குகிற பூட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். முன்சக்கரத்துப் பிரேக் தட்டில் ஓட்டைகள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றுக்குள் இதன் கம்பி நுழைந்து பூட்டிக்கொள்ளும். சக்கரம் சுழலாது. யாராவது வண்டியை லேசாக அசைத்தால் முதலில் கீச்சென்று எச்சரிக்கும். விடாமல் அசைத்தால் அலறத் தொடங்கும்.

"எவ்ளோ அலறும்?"

"காது கிழியும்."

"பக்கத்துல நிக்கிறவனுக்குக் கிழிஞ்சா எனக்கு என்னண்ணா லாபம்? நான் மூணாவது மாடியில பின் ரூம்ல இருப்பேன். ஃபேன் ஓடும், டிவி ஓடும், குழந்தை கத்தும். அங்க கேக்கணும்."

கடைக்காரருக்கு இப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை. ஒவ்வொரு பூட்டாக அலறவைக்கிற வேலையை ஊசியக்கா அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அங்கே குடியிருந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி, பின்னறையில் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டாள். அந்த அம்மாளும் கூடவே வந்து நின்றார். போனில் "ம், அடிங்கண்ணா" என்றாள்.

முதல் பூட்டு கத்தியது போலவே தெரியவில்லை. "அடிச்சாச்சா?" என்று கேட்டதற்கு "அடிச்சு முடிச்சாச்சு" என்றார் கடைக்காரர். இரண்டாவது, காதோரம் கொசு பறப்பதுபோல் வந்தது. மூன்றாவது அலறியபோது அந்த அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இதயே வாங்கும்மா, வாங்கிட்டுக் கெளம்பு" என்றார்.

அதையே வாங்கினாள். கூடவே பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சுருள் கயிறு ஒன்றைக் கொடுத்தார் கடைக்காரர். பூட்டிலிருந்து ஹேண்டிலுக்கு இழுத்து மாட்ட வேண்டும். பூட்டை மறந்து வண்டியைக் கிளப்பினால் திருடனுக்கு முன்னால் நீங்கள்தான் கீழே விழுவீர்கள் என்று அவர் எச்சரித்தார். மறுநாள் வீட்டு வாசலைக் கழுவுவதற்காகக் கணவர் வண்டியைத் தள்ளினார். அது போட்ட அலறலில் அவர் வாளியைத் தூக்கியெறிந்துவிட்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். அதற்குப் பிறகு சங்கிலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஊசியக்காவின் கண் மறுபடி ஊசிக்குத் திரும்பியது. ஜன்னலை மறந்தாள்.

அந்த ஆசிரியர் வீட்டில் இருந்தபோதுதான் அது நடந்தது. நரம்பில் ஊசி ஏறியிருந்தது. குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கீச்சு. இன்னொரு கீச்சு. அதற்குப் பின் தெருவே அதிரும்படி அந்த அலறல்.

"உன் வண்டியாம்மா?"

"ஆமா சார்." ஓட முடியாது. ஊசி உள்ளே இருக்கிறது. குழாய் நிரம்புகிற வரைக்கும் அவள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, "சார், மடக்கிப் பிடிச்சுக்கோங்க" என்று கத்திவிட்டு, பையை அள்ளிக்கொண்டு படிகளில் பறந்தாள்.

கீழே கூட்டம் கூடிவிட்டிருந்தது. வண்டி ஒருக்களித்து விழுந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மனிதரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். நடுத்தர வயது. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவர் அந்த மனிதரின் தோள்பையைத் தலைகீழாகக் கொட்டினார். திருப்புளி, உளி, சுத்தியல், குறடு.

"பாருங்கய்யா, எல்லா சாமானோடயும்தான் வந்திருக்கான்!" என்று சொல்லிக்கொண்டே ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த மனிதரின் உதடு கிழிந்தது. இன்னொருவர் முதுகில் குத்தினார். அவர் தடுக்கவில்லை. "வீடு... வீடு..." என்று குழறினார்.

"குடிச்சிருக்கான்!"

ஊசியக்காவின் கண்ணுக்கு அந்தக் கணம் வேறெதுவும் தெரியவில்லை. முதல் வண்டி தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிய அந்தத் தாயின் முகம் தெரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து அவருடைய காலரைக் கொத்தாகப் பிடித்தாள். "ஏண்டா, உனக்கு..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள்.

அவள் விரல்கள் அவர் கழுத்தில் பட்டிருந்தன. கழுத்து நனைந்திருந்தது. வெயிலில் வருகிற வேர்வை இல்லை. ஐஸ் வைத்ததுபோல் சில்லிட்டிருந்தது. நாடி படபடவென்று துடித்தது. முகத்தைப் பார்த்தாள். கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தது.

காலரைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

"கைய எடுங்க!" என்று அவள் போட்ட கத்தலில் கூட்டம் பூட்டின் அலறலைக்கூட மறந்தது. "எல்லாரும் கைய எடுங்க! இவருக்கு சுகர் இறங்கிப்போச்சு. சர்க்கரை! யாராவது சர்க்கரை கொண்டாங்க!"

"அக்கா, இவன் திருடன்..."

"சர்க்கரை கொண்டான்னு சொன்னேன்!"

அவரைத் தரையில் உட்காரவைத்து, சுகர் பார்க்கிற மிஷினைப் பையிலிருந்து எடுத்து, விரலில் குத்தினாள். மிஷின் காட்டிய எண்ணை இரண்டு முறை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு கீழே அவள் பார்த்ததில்லை. இன்னும் சற்று நேரம் அடித்துக்கொண்டிருந்தால் அந்த மனிதர் சுவரோரமாகவே போயிருப்பார். திருடன் செத்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வந்தது. முழுங்கத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தாள். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண் தெளிந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு தன் சட்டையைப் பார்த்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய ரத்தத்தைக் காட்டி, குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

"நான் எங்கயாவது விழுந்துட்டேனாம்மா?"

நிமிர்ந்து பார்த்தாள். கூட்டம் பாதியாகியிருந்தது. அறைந்த கை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அவர் தச்சர். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு அலமாரி அளவெடுக்க வந்திருந்தார். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, போகிற வழியில் சாப்பிடலாம் என்று கிளம்பியவர், சாப்பிடாமலே வந்துவிட்டார். தலை சுற்றியபோது கைக்குக் கிடைத்ததைப் பிடித்திருக்கிறார். கிடைத்தது ஊசியக்காவின் வண்டி.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள். பதறியடித்து வந்த அவருடைய மனைவி, கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியக்காவிடம் திரும்பினார்.

"மயக்கம்னுதானே போன்ல சொன்னீங்க? உதடு எப்படிக் கிழிஞ்சுது?"

"திருடன்னு நெனச்சு அடிச்சுட்டாங்கம்மா."

"யாரு அடிச்சா?"

"நானும் சட்டையப் பிடிச்சேன்" என்றாள் ஊசியக்கா. "என் வண்டிதான் அது."

அந்த அம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று ஊசியக்கா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "இவரு இந்த வயசு வரைக்கும் அடுத்தவங்க ஆணி ஒண்ணக்கூட எடுத்ததில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம் என்று ஊசியக்காவுக்கு இருந்தது.

தச்சர் தேறினார். இரண்டொரு வாரம் கழித்து ஊசியக்கா அந்தத் தெருவுக்குப் போனாள். குனிந்து பூட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது இஸ்திரிக் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"கவலைப்படாம மேல போங்கக்கா. நாங்க இருக்கோம்ல. அன்னைக்கு உங்க வண்டியக் காப்பாத்துனதே நாங்கதானே! எப்படி ஒரு அறை விட்டேன் பாத்தீங்களா?" பக்கத்தில் நின்றிருந்தவரிடமும் பெருமையாகத் திரும்பினார். "கையும் களவுமாப் பிடிச்சோம் சார். பை நெறைய சாமான் வெச்சிருந்தான்."

ஊசியக்கா குனிந்தவள் நிமிரவில்லை. காதில் விழுந்ததை அவளால் நம்ப முடியவில்லை. இந்த மனிதரும் அங்கேதான் நின்றார். சர்க்கரை என்று அவள் கத்தியது இவருக்கும் கேட்டது. இருந்தும் அந்தத் தெருவில் திருடனைப் பிடித்த கதைதான் இத்தனை நாளும் சுற்றியிருக்கிறது. கேட்டவர்களெல்லாம் பாராட்டியிருக்கிறார்கள்.

"அவரு திருடன் இல்லண்ணா. தச்சர். சாகக் கெடந்தாரு" என்றாள்.

"அப்படியெல்லாம் நடிப்பானுங்கக்கா. உங்களுக்குத் தெரியாது."

"வர்ற திங்கக்கிழமை அந்தக் கடைசி வீட்டுக்கு அலமாரி மாட்ட வர்றாரு. உங்க கடையத் தாண்டித்தான் போகணும். அவரு முகத்தப் பாத்து இதச் சொல்லுங்க."

இஸ்திரிக் கடைக்காரர் சிரிப்பை முடிக்கத் தெரியாமல் நின்றார். பக்கத்திலிருந்தவர் மெதுவாக நகர்ந்துவிட்டார்.

சொன்னபடியே திங்கட்கிழமை தச்சர் வந்தார். கிழிந்த பையைத் தைத்த அதே சட்டை. தோளில் அதே கருவிப் பை. ஊசியக்கா ஆசிரியர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். தெருவில் சிலர் அவரைப் பார்த்ததும் வீட்டுக்குள் போனார்கள். ஒருவர் வணக்கம் வைத்தார். ஏன் வைக்கிறார் என்று புரியாமல் தச்சரும் பதிலுக்கு வைத்தார்.

இஸ்திரிக் கடை அன்று திறக்கவே இல்லை.